கிடைக்காததற்கான காரணம்

பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து பாலாற்றுப் பக்கம் பிரிகிற சாலையில் அரைக் கிலோமீட்டர் போனால் உயர்பொருள் தேடல் நிலையம் வரும். கிருபா அங்கே ஏழு வருடம் ஒப்பந்த உதவியாளராக இருந்தாள். அந்த ஏழு வருடத்தில் அவள் செய்த ஒரே தப்பு, தேடிய பொருளைக் கண்டுபிடித்ததுதான்.

நிலையத்தில் மூன்று பிரிவுகள். மின்சாரம் துளியும் வீணாகாமல் ஓடும் மீக்கடத்திகளை ஒரு பிரிவு தேடியது. சூட்டை நொடியில் கடத்திவிடும் பொருள்களை இன்னொன்று தேடியது. கிருபா இருந்தது வெப்பமின் பிரிவு. ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியும் பட்டால் நடுவில் மின்சாரம் கொடுக்கிற பொருளை அங்கே தேடினார்கள். அப்படி நல்லதாக ஒன்று கிடைத்தால், தோல் பதனிடும் டேனரிகளின் பாய்லர்களில் வீணாகப் போகும் சூட்டிலேயே பாதி ஆம்பூருக்கு விளக்கு எரியும் என்று வரவேற்பறையில் ஒரு பலகை மாட்டியிருந்தது. பலகைக்கு மேலே இருந்த டியூப்லைட் எரியவில்லை.

தேட வேண்டிய பொருள்களின் பட்டியலை டெல்லியில் ஒரு கணினி தயாரித்து அனுப்பியிருந்தது. மொத்தம் நான்கு லட்சத்துப் பதினேழாயிரம் பெயர்கள். நாளொன்றுக்கு மூன்று பொருள் வீதம் கலக்கி, அழுத்தி, சுட்டு, அளந்து, பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பதிவேட்டில் ஐந்தே கட்டங்கள்: எண், பொருள், தேடிய நாள், கிடைக்காததற்கான காரணம், கையொப்பம். கிடைத்தால் எழுதுவதற்குக் கட்டம் கிடையாது. காரணக் கட்டத்தில் பெரும்பாலும் ‘பொருள் ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதுவார்கள். அவசரம் என்றால் ‘மேற்படி’.

ஆண்டுதோறும் தேடல் தினம் கொண்டாடுவார்கள். எல்லோரும் வரிசையாக நின்று, ‘தேடுவேன், தளராமல் தேடுவேன், ஓய்வு பெறும் வரை தேடுவேன்’ என்று உறுதிமொழி எடுப்பார்கள். பிறகு இயக்குநர் முனைவர் பிரேம்நாத் பேசுவார்.

“நண்பர்களே, நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம்ம பட்டியலை முடிக்க ஐந்நூற்றைம்பத்தாறு வருஷம் ஆகும். பதினோரு வருஷம்தான் போயிருக்கு. என் பேரனோட பேரன் ரிட்டயர் ஆகுறப்பவும் இங்க தேடிக்கிட்டுதான் இருப்பாங்க. இந்த நாட்டுல வேற எந்த ஆபீஸுக்கு இந்தப் பாக்கியம் உண்டு?”

கைதட்டல் அடங்க நேரமாகும். அந்த வருடம் அதிகப் பொருள்களில் ஒன்றுமே காணாதவருக்குச் ‘சிறந்த தேடுநர்’ விருதும் எவர்சில்வர் டிபன் கேரியரும் கொடுப்பார்கள். கிருபா இரண்டு முறை வாங்கியிருக்கிறாள்.

கிருபா ஒடுகத்தூர்ப் பக்கத்தில் வேர்க்கடலை போடுகிற குடும்பத்துப் பெண். வேலூரில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தாள். ஆம்பூரில் டேனரியில் வேலை பார்க்கும் ஜெஸ்டனைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடிவந்தாள். மற்றவர்கள் அளவு மீட்டரைத் திருப்பி வைத்துவிட்டுக் காரணக் கட்டத்தை நிரப்புகிறபோது, அவள் மட்டும் மீட்டரைப் பார்ப்பாள். அந்தப் பழக்கத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படித்த பெண், கல்யாணமான புதிது, போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார்கள்.

எட்டாயிரத்து இருநூற்று அறுபத்து மூன்றாம் பொருளுக்குக் குரோமியம் வேண்டியிருந்தது. கொள்முதலுக்கு மூன்று பேராவது விலை சொல்லி எழுத வேண்டும் என்பது விதி. ஐந்து முறை அறிவிப்புப் போட்டும் இரண்டு பேர்தான் எழுதினார்கள். ஐந்து முறையும் ரத்து செய்தார்கள். ஒருநாள் சாப்பிடும்போது கிருபா இதைச் சொல்லிப் புலம்ப, ஜெஸ்டன் சிரித்தான்.

“இன்னா கிருபா, குரோமுக்காகவா இம்மாம் பேஜார்? நாங்க தோல் ஊறப் போடுற டிரம்ம கழுவுனா அடியில பச்சையா வண்டல் வண்டலா நிக்கும். எல்லாம் குரோமுதான். ஒரு டப்பா போதுமா, ஜாஸ்தி வேணுமா?”

அவன் கொண்டுவந்த பச்சை வண்டலை அவள் காயவைத்து, சுட்டு, சலித்து, பட்டியலில் சொன்னபடி மற்றவற்றோடு கலந்தாள். அழுத்தி வில்லையாக்கி உலையில் வைத்து எடுத்தாள். செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு வில்லையின் ஒரு பக்கத்தைச் சூடாக்கி அளந்தாள். மீட்டர் காட்டிய எண்ணை அவள் நம்பவில்லை. கம்பியை மாற்றினாள். மீட்டரை மாற்றினாள். மேசையையே மாற்றி அடுத்த அறையில் வைத்து அளந்தாள். எண் மாறவில்லை. இதுவரை உலகத்தில் யாரும் அளந்து எழுதியதைப் போல அது நான்கு மடங்கு.

அடுத்த மூன்று நாளும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதே பக்குவத்தில் இருபத்து நான்கு வில்லைகள் செய்து, கம்பியால் சங்கிலிபோல் கோத்தாள். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி டீ நேரத்தில் கேன்டீனுக்குப் போனாள். கேன்டீன் ஒப்பந்தக்காரர் அப்துல் கரீம் பாய்லருக்கு முன்னால் நின்றிருந்தார்.

“பாய், இத பாய்லர் மேல ஒட்டிக்கவா? அஞ்சு நிமிஷம்.”

“ஒட்டிக்கம்மா. டீ ருசி மாறாதில்ல?”

வில்லைகளைப் பாய்லரின் வயிற்றில் பதித்து, மேலே ஈரச் சாக்கைப் போர்த்தினாள். கம்பியின் முனைகளை ஒரு டார்ச் பல்பில் தொட்டாள். பல்ப் எரிந்தது.

கேன்டீனில் பதினான்கு பேர் இருந்தார்கள். எல்லோரும் டம்ளரும் கையுமாக எழுந்து வந்தார்கள். கரீம் பாய் பல்பைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். “அட அல்லா! டீ போடுற சூட்டுல கரண்டா! ஏம்மா, கெடச்சிருச்சா?”

“கெடச்சிருச்சு பாய்,” என்றாள் கிருபா. அழுகை வந்தது. ஐந்து வருடமாகக் கிடைக்கவில்லை என்று எழுதிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். சத்தம் கேட்டு நிர்வாக அலுவலர் அம்பிகா வந்தார்.

அம்பிகா பல்பைப் பார்த்தார். “இந்த பல்புக்கு எந்த லைன்லேந்து கரண்ட் எடுத்தீங்க?”

“லைன் இல்ல மேடம். பாய்லர் சூட்டுலேந்து வருது.”

“பாய்லர் கேன்டீன் சொத்து. பல்ப் நிலையத்தோட சொத்து. கேன்டீன் சூட்டை எடுத்து நிலையத்து பல்ப எரிக்க யார் பர்மிஷன் குடுத்தது?”

“மேடம், இதத்தான நாம பதினோரு வருஷமா தேடுறோம்.”

“தேடறதுக்குப் பர்மிஷன் இருக்கு. எரியறதுக்கு இருக்கா?”

மூன்று நாளில் விளக்கம் கேட்டு அம்பிகா அங்கேயே மெமோ எழுதினார். வெளிச்சம் போதாமல் பல்புக்குப் பக்கமாகத் தாளைச் சாய்த்து வைத்துத்தான் எழுதினார்.

அதற்குள் இயக்குநர் வந்துவிட்டார். பிரேம்நாத் விஞ்ஞானிதான். பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஈரச் சாக்கை விலக்கி வில்லைகளைத் தொட்டுப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் தேடிய ஒன்றைக் கண்டவரின் முதல் கேள்வி இப்படி இருந்தது:

“யார் யாரெல்லாம் பார்த்தாங்க?”

கிருபாவைத் தன் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். நிலையத்தின் விதிப் புத்தகத்தைத் திறந்து பதினான்காம் விதியைப் படித்துக் காட்டினார். நிலையம் தன் தேடலில் வெற்றி பெற்றால், நோக்கம் நிறைவேறியதாகக் கருதி முப்பது நாட்களுக்குள் கலைக்கப்படும்.

“எழுதினவங்க ஒரு மரியாதைக்கு எழுதி வச்சாங்கம்மா. கோயில்ல உண்டியல் வைக்கிற மாதிரி. நிஜமாவே ஒருத்தர் வந்து வெற்றி பெறுவாங்கன்னு யாரும் நினைக்கல.”

“ஆனா சார், இது நாட்டுக்கே நல்லதாச்சே. பாய்லர் இருக்கிற எடமெல்லாம்...”

“நாட்டுக்கு நல்லது செய்யத்தான் நாட்டுல ஆயிரம் பேர் இருக்காங்க. நிலையத்துக்கு நல்லது செய்ய நாம நாப்பத்தியேழு பேர்தான் இருக்கோம். ரெண்டாவது கட்டடத்துக்கு அஸ்திவாரம் போட்டாச்சு. அதுல மீக்கடத்திப் பிரிவுக்கு லிஃப்ட் வைக்கிறோம். லிஃப்ட் வந்த பிறகு கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா?” அவர் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. “அறிவு வேற, பக்குவம் வேறம்மா. தேடுறவனுக்கு அறிவு வேணும். கண்டுபிடிக்காம இருக்கத்தான் பக்குவம் வேணும். உனக்கு இன்னும் வரல.”

‘கிடைக்கவில்லை’ என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட கிருபா மறுத்தாள். அதனால் குழு அமைத்தார்கள்.

‘கிடைத்ததாகக் கூறப்படும் பொருள் குறித்த குழு’வுக்கு ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தலைவர். அவர் முன்னால் பாய்லரை வைத்துப் பல்பை மறுபடி எரித்துக் காட்டினாள் கிருபா. குழு அதைப் பார்த்துவிட்டு, பல்ப் எரிவதாகச் சொல்பவர்களின் பார்வையைச் சோதிக்காமல் எதையும் முடிவு செய்ய முடியாது என்று தீர்மானம் போட்டது. வெள்ளிக்கிழமை கேன்டீனில் இருந்த பதினான்கு பேரையும், கிருபாவையும், குழுவில் இருந்தவர்களையும் வேன் வைத்து வேலூருக்குக் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. வந்த காரணம் என்ற இடத்தில் எல்லோருக்கும் ‘விளக்கு எரிவதாகத் தெரிகிறது’ என்று எழுதிக்கொண்டார்.

எல்லோருக்கும் பார்வை நன்றாக இருந்தது. குழுத் தலைவருக்கு மட்டும் இரண்டு கண்ணிலும் புரை. எரிந்ததோ இல்லையோ, அவர் பல்பையே பார்த்திருக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதைக் கேட்டுக் குழு நிம்மதியடைந்தது. பல்பின் பாதிப்புக்கு ஆளாகாத ஒரே ஆள் அவர்தான் என்பதால், நடுநிலையாக அறிக்கை எழுதும் பொறுப்பை அவரிடமே விட்டது. அவர் சொல்லச் சொல்ல அம்பிகா எழுதினார். தான் இருந்த நேரம் முழுவதும் எந்த விளக்கும் எரியவில்லை என்று தலைவர் மனசாட்சிப்படி சொன்னார்.

அப்போதும் கிருபா கையெழுத்துப் போடவில்லை. ஜெஸ்டனும் விடவில்லை. “கெடச்சத கெடச்சதுன்னு எழுது. என்னா பண்ணிருவாங்க? மிஞ்சிப் போனா வேல போவும். நம்ம குரோமு அது,” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் செருப்புகள் நிறைந்து கிடந்தன. நிலையத்து ஆட்கள் நாற்பத்தைந்து பேரும் வந்திருந்தார்கள். காவலாளி, தோட்டக்காரர், உலை பார்ப்பவர், தட்டச்சு செய்பவர், வேன் டிரைவர், கழிவறை கழுவும் இரண்டு பெண்கள், கூட வேலை செய்யும் உதவியாளர்கள். இயக்குநர் மட்டும்தான் வரவில்லை. அவர்தான் இவர்களை அனுப்பியிருந்தார். உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போவதுபோல் ஆளுக்கு ஒன்றாக ஆப்பிளும், ஆரஞ்சும், ஹார்லிக்ஸ் பாட்டிலும் கொண்டுவந்திருந்தார்கள். உட்கார இடமில்லாமல் பாதிப் பேர் தெருவில் நின்றார்கள்.

கரீம் பாய்தான் பேசினார்.

“அம்மா, நீ பெரிய வேல பண்ணிட்டே. நான் கண்ணால பாத்தேன். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீ கண்டுபுடிச்சன்னு வச்சுக்க, அடுத்த மாசம் அந்த கேட்டுக்குப் பூட்டு. இவங்க எல்லாம் எங்க போவாங்க? எனக்கு மூணு பொண்ணு. பெரியவ ஜாஸ்மின் இப்பதான் எம்.எஸ்ஸி. சேந்திருக்கா.” தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “ஊருக்கெல்லாம் வெளக்கு எரியட்டும். வேணாங்கல. எங்க வீட்டு அடுப்ப அணச்சிதான் எரியணுமா?”

கிருபா எல்லோர் முகத்தையும் பார்த்தாள். யாரும் கோபமாக இல்லை. அதுதான் அவளை உடைத்தது. கழிவறை கழுவும் பெண்களில் மூத்தவர் சவுரியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பினாயில் பட்டுப் பட்டு வெடித்த கை.

அவர்கள் போன பிறகு ஜெஸ்டன் பழங்களை ஒரு மூலையில் அடுக்கினான். கடைசியில், “இத்தினி ஆப்பிள இன்னா பண்றது?” என்றான்.

திங்கட்கிழமை காலை கிருபா பதிவேட்டைத் திறந்தாள். ‘மேற்படி’ என்று எழுதப் போனபோது அம்பிகா தடுத்தார்.

“குழு போட்ட விஷயம். மேற்படி எல்லாம் போடக் கூடாது. நான் சொல்றத எழுதுங்க. அளவீட்டாளரின் கவனக்குறைவு.”

“என் கவனக்குறைவா மேடம்?”

“பின்ன யாரோடது? நாங்க எல்லாரும் கவனமாத்தானே இருந்தோம்.”

கிருபா எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவளுடைய அளவுக் குறிப்பேட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மிச்சம் அந்த இருபத்து நான்கு வில்லைகள். கிடைக்காத பொருளைக் கழித்துக்கட்ட விதி இல்லை என்பதால், அவற்றைப் பொடியாக்கும்படி அவளிடமே சொன்னார்கள். இரும்பு உரலில் போட்டு இடித்தாள். சாட்சிக் கையெழுத்துக்கு மூன்று பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். வில்லைகள் லேசில் உடையவில்லை. நான்கு மணி நேரம் ஆனது. நடுவில் சாட்சிகளுக்கு டீயும் பஜ்ஜியும் வந்தன. பொடியை அவள் கையாலேயே வாஷ்பேசினில் கொட்டித் தண்ணீர் விட்டாள்.

இரண்டு வருடம் கழிந்தது. அந்த இரண்டு வருடமும் கிருபா மீட்டரைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் வேலை பார்த்தாள். மூன்றாம் முறையும் டிபன் கேரியர் கிடைத்தது.

அப்புறம் ஒரு காலையில் செய்தித்தாளில் வந்தது. வெகு தூரத்தில், வருடத்தில் பாதி நாள் பனி கொட்டும் ஒரு நாட்டில், சின்ன ஊர்க் கல்லூரி ஒன்றில் இரண்டு பேர் புதிய வெப்பமின் பொருளைக் கண்டுபிடித்திருந்தார்கள். தோல் பதனிடும் கழிவில் கிடைக்கும் குரோமியத்திலிருந்து செய்ததாம். கூடவே ஒரு படம். கொதிக்கும் கெட்டில், அதன்மேல் சங்கிலியாக வில்லைகள், பக்கத்தில் எரியும் பல்ப். கிருபா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் செய்தித்தாளை மடித்து ஜெஸ்டன் கண்ணில் படாமல் அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள். அவன் அதற்கு முன்பே டேனரியில் பார்த்திருந்தான். அவனும் அவளிடம் காட்டவில்லை.

டெல்லி கேட்டது: தோலுக்கே பேர்போன ஊரில், பதின்மூன்று வருடமாகத் தேடல் நிலையம் நடத்தியும், பனி நாட்டுக்காரன் கண்டுபிடித்ததை நீங்கள் ஏன் கண்டுபிடிக்கவில்லை?

நிலையத்தில் ஒருவரும் பதறவில்லை. பதினான்காம் விதி நிலையம் வெற்றி பெற்றால்தான் பாயும். வேறு யாரோ வெற்றி பெற்றதற்கு நிலையம் பொறுப்பல்ல. யார் பொறுப்பு என்று மட்டும் சொல்ல வேண்டியிருந்தது. பதிவேட்டைப் புரட்டினார்கள். எண் 8,263. அதே பொருள். காரணம்: அளவீட்டாளரின் கவனக்குறைவு. கையொப்பம்: கிருபா.

விசாரணைக்கு வந்த அதிகாரி அரக்கோணத்துக்காரர், டெல்லியில் வேலை. பக்கத்து நாற்காலியில் விசாரணைக் குழு உறுப்பினராக இயக்குநர் பிரேம்நாத் உட்கார்ந்திருந்தார்.

“பொருள் கையில இருந்திருக்கு. மீட்டர் இருந்திருக்கு. நீங்களும் இருந்திருக்கீங்க. அப்புறம் ஏன் கண்டுபிடிக்கல?”

“கண்டுபிடிச்சேன் சார்.”

“கிடைக்கலன்னு எழுதியிருக்கு. இது உங்க கையெழுத்து இல்லையா?”

“என்னுதுதான் சார். எல்லாருக்காகவும் போட்டேன்.”

“கையெழுத்து அவங்கவங்களுக்காகத்தான் போடணும். எல்லாருக்காகவும் போடுறதுன்னா அது போலிக் கையெழுத்து,” என்றார் அதிகாரி. குறித்துக்கொள்ளச் சொன்னார்.

பல்பைப் பார்த்த பழைய குழுவின் கோப்பைக் கேட்டாள் கிருபா. இரண்டு வருடம் ஆனதால் கழித்தாகிவிட்டது என்றார் அம்பிகா. மூன்று நாள் கொடுங்கள், அதே வில்லையை இப்போதே செய்து எரித்துக் காட்டுகிறேன் என்றாள். அதிகாரி பதறிப்போனார். “செய்யாதீங்க. இப்ப அதுக்கு அவங்க காப்புரிமை வாங்கியாச்சு. நீங்க செஞ்சா அது திருட்டு. அப்பக் கண்டுபிடிக்காதது ஒரு குத்தம், இப்பக் கண்டுபிடிச்சா ரெண்டு.”

சாட்சிகளைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவராக வந்து, அன்று எதுவும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சவுரியம்மாள் சொல்வதற்கு முன்பே அழுதுவிட்டார். அழுததைக் ‘கிடைக்கவில்லை என்பதை உறுதி செய்தார்’ என்று எழுதிக்கொண்டார்கள். கரீம் பாய் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார்.

“உங்க பாய்லர் மேல பல்ப் எரிஞ்சதா இவங்க சொல்றாங்க. பார்த்தீங்களா?”

“நான் டீ ஊத்துறவன் சார். என் கண்ணு டம்ளர் மேலதான் இருக்கும்.”

கிருபா எழுந்தாள். “பாய், என்னப் பாத்து சொல்லுங்க.”

அவர் பார்க்கவில்லை. மேசை மேலிருந்த காலி டம்ளர்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கிருபாவிடம் ஒரே ஒரு காகிதம் மிச்சம் இருந்தது. கண் மருத்துவமனைச் சீட்டு. அதை நீட்டினாள். வந்த காரணம்: விளக்கு எரிவதாகத் தெரிகிறது. அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். நல்ல மனிதர். முகத்தில் வருத்தம் தெரிந்தது.

“இந்தக் கோளாறு இருக்கிறத மறைச்சிட்டு ஆய்வகத்துல வேலை பார்த்திருக்கீங்களேம்மா,” என்றார். அதுவும் ஒரு குற்றச்சாட்டாகச் சேர்ந்தது.

வேலை நீக்க உத்தரவு பதினைந்து நாளில் வந்தது. கூடவே இன்னொரு உத்தரவும் வந்தது. பொருள் ஏன் கிடைக்கவில்லை என்பதைத் தேட நிலையத்தில் நான்காவது பிரிவு தொடங்க வேண்டும், அதற்கு நாற்பது புதிய ஆட்களை எடுத்துக்கொள்ளலாம். அன்று நிலையத்தில் கேசரி கிண்டினார்கள்.

நிலையத்தை விட்டுப் போகிறவர் எவரானாலும் பிரிவு உபசார விழா நடத்துவது வழக்கம். வேலையை விட்டு நீக்கப்பட்டவருக்குக் கிடையாது என்று விதியில் இல்லை. ஆகவே கிருபாவுக்கும் நடத்தினார்கள். சால்வை போட்டார்கள். குத்துவிளக்கேற்றினார்கள். இயக்குநர் பேசினார்.

“கிருபாவுக்கு ஒரு மாபெரும் வாய்ப்பு வந்தது. உலகமே திரும்பிப் பார்த்திருக்கும். நமக்காக அவங்க அதைத் தவற விட்டாங்க.” உடனே திருத்திக்கொண்டார். “நம்ம நடுவுல இருந்துக்கிட்டே தவற விட்டாங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். தவற விடுறதுக்கும் ஒரு பொருள் கையில இருக்கணும். மத்த நிறுவனங்கள்ல அதுகூட இல்ல. அந்த வகையில நம்ம நிலையம் உலகத் தரத்துக்கு ரொம்பக் கிட்ட போயிட்டு வந்திருக்கு. அந்தப் பெருமை இவங்களையே சேரும்.”

கைதட்டினார்கள். சிலர் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கிருபாவைப் பேசச் சொன்னார்கள். அவள் மைக்கை வாங்கிக்கொண்டாள்.

“அன்னிக்கு பல்ப் எரிஞ்சுது. நீங்க எல்லாரும் பாத்தீங்க.”

முதலில் அம்பிகா கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். விழாக் குறிப்பில், ‘திருமதி கிருபா சுருக்கமாக ஏற்புரை ஆற்றினார்’ என்று எழுதினார்கள். நாட்டுப்பண் பாடி முடித்துக் கேசரி கொடுத்தார்கள்.

கிருபா கேசரியை வாங்கவில்லை. சால்வையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு சாலைக்கு வந்து ஆம்பூர் பஸ்ஸுக்காக நின்றாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதது மட்டும் ஞாபகம் வந்தது. மாலை நான்கு மணி வெயில் முகத்தில் அடித்தது. எதிர்ப்பக்கம் ஏதோ டேனரியின் புகைபோக்கி ஆவியைக் கக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பி நின்றாள்.

கேட்டிலிருந்து கரீம் பாய் வேகமாக வந்தார். மூச்சு வாங்கியது. விசாரணைக்குப் பிறகு அவர் அவளிடம் பேசுவது அதுதான் முதல் முறை. மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தாள். கேட்டால் என்ன சொல்வது என்றும் யோசித்தாள். பரவாயில்லை பாய் என்று சொல்லிவிடலாம் என்றே தோன்றியது.

“அம்மா,” என்றார். தொப்பியைக் கழற்றினார். “உன் எடம் காலியாவுது இல்ல. நம்ம ஜாஸ்மின் இந்த வருஷம் எம்.எஸ்ஸி. முடிச்சிட்டா. உன் சப்ஜெக்ட்டுதான். கிளாஸ்ல அவதான் பர்ஸ்ட்டு. போறதுக்கு முன்னால டைரக்டர் கிட்ட ஒரு வார்த்த சொல்லி வுடேன்.”

கிருபா அவரைப் பார்த்தாள். அவரும் இந்த முறை அவளை நேராகவே பார்த்தார். மகளுக்காகக் கேட்கிறபோது அவருக்குக் கூச்சம் இல்லை. பஸ் வருவது தெரிந்தது. கிருபா கை காட்டினாள்.

“நான் சொல்லி எடுக்க மாட்டாங்க பாய். நீங்களே சொல்லுங்க. குடுப்பாங்க.” படியில் கால் வைத்தவள் திரும்பினாள். “ஆனா அந்தப் பொண்ணு கிட்ட ஒண்ணு சொல்லுங்க. படிச்சதெல்லாம் கேட்டுக்கு வெளியவே வச்சிட்டு உள்ள வரச் சொல்லுங்க.”

“அத நேத்தே சொல்லிட்டேம்மா,” என்றார் கரீம் பாய்.